நுணுக்குக்காட்டிக்குச் சந்தனப் பொட்டு

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரு பொருள் உடைந்தால், உடைத்தவர் யாராக இருந்தாலும் முதலில் கூப்பிடுவது உதவியாளரைத்தான். இந்த உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் தங்கள் உத்தியோகத்தில் இதேபோல யாரைக் கூப்பிடுவார்கள் என்று யோசித்தால் போதும். பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பல்லேபொலப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளனாக இருந்தேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வாய் வராது. ஆனால் எண்ணி வைப்பேன். காலையில் எண்ணி எடுப்பேன், மாலையில் எண்ணிப் பூட்டுவேன்.

யுத்த காலம் அது. தொண்ணூறுகளில் ஒரு வருஷம், எங்கள் பாடசாலையில் நாலு பெண்பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் நல்ல சித்தி பெற்றார்கள். அதில் ஒருத்தி என் மகள் கமலா. உயர்தரத்தில் உயிரியல் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். டவுன் பாடசாலையில் இடம் நிரம்பிவிட்டது. கண்டிக்கு அனுப்ப எங்களில் யாருக்கும் வசதி இல்லை. வசதி இருந்தாலும் வழியில் இருக்கும் சோதனைச் சாவடிகளை நினைத்தால் தைரியம் இல்லை. எங்கள் பாடசாலையிலேயே அந்த வகுப்பைத் தொடங்கலாம், ஆனால் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நுணுக்குக்காட்டி, அதாவது மைக்கிரஸ்கோப், ஒன்று இருக்க வேண்டும், அதை அதிகாரி வந்து தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றது கல்விக் கந்தோர். வகுப்பு கிடைக்காவிட்டால், தீபாவளி முடிந்த கையோடு கமலாவைக் கொழும்புப் பக்கம் கார்மென்ட் வேலைக்குக் கூட்டிப்போவதாக என் மச்சான் சொல்லியிருந்தான். அவன் இடமும் பேசி வைத்துவிட்டான்.

ஆக, ஒரு நுணுக்குக்காட்டிக்கும் ஒரு தையல் மெசினுக்கும் நடுவில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

சாவடியில் பொருத்திக் காட்டியது

கருவியை மாத்தளைக் கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, பஸ்ஸில் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. பலகைப் பெட்டி. கைப்பிடியும் கொண்டியும் பித்தளை. உள்ளே பதினோரு உருப்படிகள்: வளைந்த கையோடு கூடிய உடம்பு ஒன்று, கண் வைத்துப் பார்க்கிற பார்வைத்துண்டு இரண்டு, பொருளுக்கு மேலே வருகிற வில்லைகள் மூன்று, அடியில் மாட்டுகிற கண்ணாடி ஒன்று, பிடிக்கிற தகடு இரண்டு, எண்ணெய்ச் சீசா ஒன்று, துடைக்கிற துணி ஒன்று. ஒரு தமிழன், பூட்டிய பெட்டி, உள்ளே உலோகக் குழாய். பஸ் சாவடியில் நின்றதும் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த ராணுவச் சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டான். சொன்னேன். "அப்படியென்றால் பொருத்திக் காட்டு," என்றான். அதை நான் அதுவரை பொருத்திப் பார்த்ததே இல்லை. மணல் மூட்டையின் மேல் துணியை விரித்து, பெட்டி மூடியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். மூன்று வில்லைகளும் திருகித்தான் ஏறும். பார்வைத்துண்டு அப்படியில்லை, குழாயின் மேல்வாயில் சும்மா செருகி நிற்பது. எனக்கு அது தெரியவில்லை. சிப்பாய் கருவியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தான். பார்வைத்துண்டு வழுக்கி விழுந்து, பக்கத்தில் நின்ற நாவுல அம்மா ஒருவரின் தக்காளிக் கூடைக்குள் போய்விட்டது. எண்ணினேன், பத்து. மறுபடியும் எண்ணினேன், பத்துதான். பிறகு நானும் சிப்பாயும் முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்த அம்மாவின் திட்டை வாங்கிக்கொண்டே தக்காளிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். இரண்டு தக்காளி நசுங்கியது.

பொருள் கிடைத்ததும் அவன் துடைத்துச் செருகி, கண்ணை வைத்துப் பாதையைப் பார்த்தான். "எவ்வளவு தூரம் தெரியும்?" என்று கேட்டான். "தூரம் தெரியாது மாத்தயா, கிட்ட இருப்பதுதான் தெரியும்," என்றேன். "எவ்வளவு கிட்ட?" "தொடுகிற மாதிரி." அவன் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான். பிறகு பெட்டியை மூடி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"கிட்ட இருக்கிறதப் பாக்க எனக்குக் கண்ணு இருக்கு. தூரத்துல வர்றவனப் பாக்கத்தான் எங்களுக்கு ஒண்ணும் தர்றாங்க இல்ல."

பெயர் ஒட்டிய நாள்

எங்கள் விஞ்ஞான ஆசிரியை செல்வராணி டீச்சர். ஆசிரியர் கலாசாலையில் நுணுக்குக்காட்டி பற்றிப் படித்தவர்தான். ஆனால் அங்கே ஐம்பது பேருக்கு ஒரு கருவி. வரிசையில் நின்று அவர் கண்ணை வைத்ததும் மணி அடித்துவிட்டதாம். கருவியோடு வந்த புத்தகம் எந்த நாட்டு மொழி என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. படங்கள் மட்டும் தெளிவு. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். சுழலும் மூக்குத்துண்டில் மூன்று வில்லைகளையும் ஏற்றினோம். குட்டை வில்லை குறைவாகப் பெருப்பிக்கும், நெட்டை வில்லை அதிகமாகப் பெருப்பிக்கும். பக்கத்தில் இருக்கிற பெரிய திருகு குழாயை ஒரேயடியாக ஏற்றி இறக்கும். சின்னத் திருகைச் சுற்றினால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், ஆனால் நடக்கும். பின்னேரம், கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பியதும், குழாய்க்குள் வட்டமாக வெளிச்சம் வந்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வெட்கத்தில் வாளியைத் தட்டிவிட்டேன்.

அடுத்த நாள் நாங்கள் வருவதற்கு முன்பே, தலைமையாசிரியரான அதிபர் வந்திருந்தார். அவர் நல்ல மனிதர். பக்தியும் ஒழுங்கும் அவருக்கு உயிர். அதிகாரி வரும்போது ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் இருக்க வேண்டும் என்று, வெள்ளைத் தாளில் முத்து முத்தாக எழுதி, சோற்றுப் பசை தடவி, தானே ஒட்டிவிட்டார். கையில் 'கை'. அடியில் 'அடி'. 'மேடை' என்ற தாளை மேடையின் நட்டநடுவில் இருக்கிற துளைக்கு மேல் ஒட்டியிருந்தார். 'கண்ணாடி' என்ற தாள் கண்ணாடியின் முகத்திலேயே இருந்தது. வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, அந்தத் துளை வழியாகத்தான் மேலே போக வேண்டும் என்பது பார்த்தாலே தெரிகிற விஷயம் அல்ல. சொன்னால்தான் தெரியும். டீச்சர் கண்ணை வைத்தார். இருட்டு. திருகினார். இருட்டு. அதிபர் பெருமையோடு, "எப்படி டீச்சர் இருக்கு?" என்று கேட்டார். டீச்சர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"எல்லாப் பகுதிக்கும் பேர் இருக்கு சேர். வெளிச்சம் மட்டுந்தான் இல்ல."

கிணற்றில் கண்ட புழு

தாள்களை ஊறவைத்து உரித்த பிறகு, முதலில் எதைப் பார்ப்பது என்று பேச்சு வந்தது. பாடசாலைக் கிணற்றுத் தண்ணீரைப் பார்ப்போம் என்றார் அதிபர். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய மூடுகண்ணாடி வைத்து, மேடையில் பிடித்தோம். அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பார்வைத்துண்டில் கண் மோதுகிற அளவுக்குக் குனிந்தார்.  பிறகு மெதுவாக, "புழு," என்றார். "கறுப்பு. நீளம். வரிசையா நிக்குது. ஆடுது."

கிணற்றுக்கு முள்வேலி கட்டினோம். அதிகாரி வந்து இந்தப் புழுவைக் கண்டால் வகுப்பு மட்டுமல்ல, பாடசாலையையே மூடிவிடுவார் என்று அதிபருக்குப் பயம். கீழே ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடைத் தண்ணீரையும் அதிபர் பார்த்தார். அதே புழு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பார்த்தார். அதிலும் அதே புழு. காய்ச்சியும் சாகாத புழு என்றதும் அவர் முகம் வெளிறிவிட்டது. அவர் வீட்டிலிருந்து இளநீர் கொண்டுவந்து பார்த்தார். இளநீரிலும் இருந்தது.

கடைசியில் டீச்சர், மேடையில் ஒன்றுமே வைக்காமல் அவரைப் பார்க்கச் சொன்னார். புழு நின்றது. "இப்ப கண்ண மூடித் திறங்க சேர்," என்றார் டீச்சர். அதிபர் மூடித் திறந்தார். எல்லாப் புழுவும் ஒன்றாகக் கும்பிட்டு எழும்பினவாம். அவருடைய கண் இமை மயிர்தான். கிட்ட ஒட்டி வைத்துப் பார்த்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும், கொஞ்சம் விலக்கி வைக்க வேண்டும் என்று டீச்சர் பணிவாகச் சொன்னார். அதிபர் நிமிர்ந்து, இமையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சரி, வேலியப் பிரிங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு, வாசலில் நின்று திரும்பினார்:

"ஆனா முத்தையா, கண்ணுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறது எனக்கு இவ்வளவு நாளாத் தெரியாமப் போச்சே."

மிளகா, பப்பாளி விதையா

எங்கள் பாடசாலையில் எதையும் உள்ளே பார்த்துச் சொல்கிற மெசின் இருக்கிறது என்று ஊரில் பரவிவிட்டது. ஒருவர் மகனின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பால்காரர் வேறு பாதையில் போகத் தொடங்கினார். ஒரு நாள் பல்லேபொலச் சந்தியில் வாசனைச் சரக்குக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளி, கையில் ஒரு சின்னப் பையோடு வந்து நின்றார். தோட்டத்தில் வாங்கிய மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறது என்று சந்தேகம். "மாஸ்டர், ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. அல்லாக்காக," என்று அதிபரிடம் கேட்டார். அதிபரால் அந்த வார்த்தையை மீற முடியவில்லை.

மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவுகிற பொருளைத்தான் இதில் பார்க்கலாம், முழு மிளகைப் பார்க்க முடியாது என்று டீச்சர் சொன்னார். நானா கேட்பதாக இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் ஒரு மணியை வைத்தார். அது உருண்டது. பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, தகட்டால் அழுத்திப் பிடித்தார். பிறகு கண்ணை வைத்துக்கொண்டு பெரிய திருகைக் கீழே சுற்றத் தொடங்கினார். குழாயை இறக்கும்போது பக்கவாட்டில் பார்த்தபடி இறக்க வேண்டும், கண்ணை வைத்த பிறகு மேலேதான் ஏற்ற வேண்டும் என்பது முதல் விதி. டீச்சர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் 'கரக்' என்று ஒரு சத்தம். கண்ணாடித் துண்டு இரண்டானது. மணி நொறுங்கியது.  வில்லை போனால் வகுப்பு போனது, வகுப்பு போனால் கமலா போனாள்.

நல்லவேளை, நெட்டை வில்லையின் நுனியில் சுருள்வில் இருந்தது. உள்ளே அமுங்கி மறுபடி வெளியே வந்துவிட்டது. அதை நாங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் டீச்சர் தும்மினார். அதிபர் தும்மினார். நான் தும்மினேன். நானா எல்லோருக்கும் பெரிதாக ஒன்று தும்மிவிட்டு, சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மன நிறைவோடு சொன்னார்:

"தும்மல் வந்துட்டு. அப்ப மொளகுதான். நல்ல மெசின் மாஸ்டர் இது, பொய் செல்லாது."

மச்சானின் சட்டை

நவராத்திரிக்கு முன்னைய வாரம் என் மச்சான் கொழும்பிலிருந்து வந்தான். வீட்டில் இருக்காமல், "எங்க அந்த மெசின்? நானும் பாக்கணும்," என்று நேரே பாடசாலைக்கு வந்துவிட்டான். அவன் கெட்டவன் அல்ல. கமலா நாளைக்குச் சோற்றுக்குக் கஷ்டப்படக்கூடாது என்பதுதான் அவன் எண்ணம். "படிச்சிட்டு மட்டும் என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று முன்பு ஒரு தடவை வீட்டில் வைத்துக் கேட்டான். கமலா அப்போது அங்கேதான் நின்றாள்.  அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தவில்லை. அங்கேயே நின்றாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மெசினில் எதைப் பார்ப்பது என்று கேட்டபோது, தான் போட்டிருந்த புதுச் சட்டையைப் பார்ப்போம் என்றான் மச்சான். கழற்றச் சொன்னேன். டீச்சர் இருக்கிறார் என்று மறுத்துவிட்டான். சட்டையின் கீழ்நுனியை இழுத்து மேடையில் விரித்து, இரண்டு தகட்டாலும் தானே மாட்டிக்கொண்டான். அப்படி மாட்டினால் உடம்பை ஒரு முழத்துக்கு மேல் விலக்க முடியாது. கழுத்தை மட்டும் வளைத்து, கொக்கு தண்ணீர் பார்ப்பது போலக் கண்ணை வைத்தான். அந்த நேரம் பார்த்து அதிபர் உள்ளே வந்தார். மரியாதைக்கு எழும்ப முயன்றான். மெசினும் கூடவே எழும்பியது. நான் பாய்ந்து அடியைப் பிடித்துக்கொண்டேன். "உக்காருங்க, உக்காருங்க," என்று அதிபர் பதறினார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அப்படியே அரைக்குனிவில் நின்று அவருக்குக் கும்பிடு போட்டான்.

தகட்டைக் கழற்றிவிட்ட பிறகு, வகுப்பு கிடைத்தால் கமலாவை விட்டுவிடுவாயா என்று கேட்டேன். அவ்வளவு பெரிய கேள்வியை அதற்கு முன்னால் நான் யாரிடமும் கேட்டதில்லை. அவன் சட்டை நுனியை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தீபாவளி வரைக்கும் பாப்போம் மச்சான். மொதல்ல இந்தத் துணியப் பாருங்க, ஏத்துமதிச் சரக்குன்னு சொல்லி வித்தான், உள்ள மீன் வல மாதிரி இருக்கு."

பூசையில் இருந்த மெசின்

எங்கள் பாடசாலையில் பூட்டுப் போடக்கூடிய அறை ஆய்வுகூடம் ஒன்றுதான். அதனால் நவராத்திரிப் பூசையும் அங்கேதான் நடக்கும். ஜன்னல்களை மறைத்து வெள்ளைச் சீலை கட்டி, சரசுவதி படத்துக்கு முன்னால் தாழ்ந்த பலகை போட்டு, கும்பமும் குத்துவிளக்கும் வைத்து, புத்தகங்களை அடுக்குவோம். அந்த வருஷம் புத்தகங்களுக்கு நடுவில் நுணுக்குக்காட்டியை வைத்தார் அதிபர். கழுத்தில் செவ்வந்தி மாலை. நெற்றி எது என்று தேடி, பார்வைத்துண்டின் கண்ணாடியில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமமும் வைத்தார். மூன்று வில்லைகளுக்கும் ஒவ்வொரு பொட்டு. விஜயதசமி காலை வரை அசைக்கக்கூடாது. அதிகாரி வருவது அடுத்த வாரம். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

சரசுவதி பூசையன்று காலை பத்து மணிக்கு அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. நாவுல பக்கம் ஒரு வேலையாம். போகிற வழியில் இதையும் முடித்துவிடலாம் என்று வந்துவிட்டார். சிங்களவர், பெரிய உடம்பு, நிதானமான பேச்சு. தமிழும் தெரியும். அதிபர் கையைப் பிசைந்தார். "சேர், அம்பாளுக்கு முன்னால வச்சத நாளைக்கு வரைக்கும் அசைக்க ஏலாது." அதிகாரி வாசலில் நின்று மாலை போட்ட மெசினைப் பார்த்தார். "நாளைக்கு நான் வர ஏலாதே. இன்னிக்கி இல்லன்னா அடுத்த வருசந்தான்," என்றார். வாசலில் அந்த நாலு பெண்பிள்ளைகளும் நின்றார்கள். கமலா என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி சற்று யோசித்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். "மெசின் வரக் கூடாதுன்னா நான் போறேன்," என்று உள்ளே வந்து, பலகைக்கு முன்னால் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உட்கார்வதற்கு நானும் ஜீப் டிரைவரும் ஆளுக்கொரு கை கொடுத்தோம்.

இனி ஒவ்வொன்றாக வந்தது. முதலில் பொட்டு. பூசையில் இருக்கிற பொருளின் பொட்டை அழிப்பதா என்றார் அதிபர். செல்வராணி டீச்சர் கெஞ்சுகிற குரலில், "அழிக்கல்ல சேர், நகர்த்துறோம்," என்றார். கண்ணாடியில் இருந்த சந்தனத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, பக்கத்துப் பித்தளையில் வைத்தோம். அதிபர் யோசித்து ஒப்புக்கொண்டார். அடுத்து வெங்காயம். பிள்ளைகள் ஒரு மாதமாக வெங்காயத் தோல் உரித்துத்தான் பழகியிருந்தார்கள். "பூசையறைக்குள்ள வெங்காயமா?" என்று அதிபர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். கமலா அந்த இடத்தைவிட்டு ஓடினாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். வேலியோரத்திலிருந்து ஒரு செம்பரத்தம்பூவோடு திரும்பி வந்தாள். பூவின் நீண்ட தண்டைக் கண்ணாடித் துண்டின் மேல் தட்டினாள். மஞ்சள் பொடி விழுந்தது. பூ என்றதும் அதிபர் கையை இறக்கி வழி விட்டார்.

கடைசியில் வெளிச்சம். ஜன்னலில் கட்டிய வெள்ளைச் சீலையைப் பிரிக்கக்கூடாது. குத்துவிளக்கை நகர்த்தக்கூடாது. மெசினை அசைக்கக்கூடாது.  அதிகாரி பாயில் உட்கார்ந்தபடியே மெசினின் அடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி திரும்புமா?" என்று கேட்டார். திரும்பும். அதற்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குழி. டீச்சர் குழிந்த பக்கத்தை மேலே எடுத்து, ஒரு விரலால் மெதுவாகக் குத்துவிளக்கின் பக்கம் திருப்பினார். மெசின் அசையவில்லை, கண்ணாடி மட்டும்தான் அசைந்தது என்று அதிபரே வாய்விட்டுச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டார். டீச்சர் குட்டை வில்லையை நேரே கொண்டுவந்து, பக்கவாட்டில் பார்த்துக் குழாயை இறக்கி, கண்ணை வைத்து ஏற்றினார். பிறகு சின்னத் திருகு. பிறகு விலகிக்கொண்டார்.

அதிகாரி குனிந்தார். செவ்வந்தி மாலை அவர் காதில் உரசியது. விளக்கின் சுடர் ஆடும்போதெல்லாம் உள்ளேயும் ஆடியிருக்க வேண்டும், அவரும் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.  "ரம்புட்டான்!" என்றார் திடீரென்று. "மஞ்சள் ரம்புட்டான். உருண்டையா, முள்ளு முள்ளா, நிறைய!" டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்து, "ஆமா சேர், ரம்புட்டான்," என்றார். பூவின் மகரந்தம் என்று டீச்சர் சொன்னார். இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. மறுபடி ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுப் பார்த்தார்கள்.

எழுப்பிவிட்ட பிறகு அதிகாரி பேனாவை எடுத்தார். "மெசின் வேலை செய்யுது. டீச்சருக்குத் தெரியுது. பிள்ளைகளுக்கும் தெரியுது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு, "ஆய்வுகூடத்துக்கு கரண்ட் இருக்கா?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத அதிபர், "கரண்ட் இல்ல சேர். தேங்காயெண்ணெய் இருக்கு," என்றார். அதிகாரி பேனாவை மூடினார்.

"சரி, வகுப்பத் தொடங்குங்க. கரண்ட் இல்லன்னு நான் எழுதிக்கிறேன், தேங்காயெண்ணெய்க்கு எங்க போர்ம்ல கட்டம் இல்ல."

முதல் வகுப்பு

தீபாவளிக்கு மச்சான் வந்தான். கமலாவின் புதுப் புத்தகங்களைக் கையில் எடுத்து எடை பார்த்தான். "இவ்வளவு பாரமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பலகாரம் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினான்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை முதல் செய்முறை வகுப்பு. நான் விடியற்காலையிலேயே போய்ப் பெட்டியைத் திறந்து எண்ணினேன். பதினொன்று. மூக்குத்துண்டு ஒட்டாமல் சுழல்கிறதா என்று பார்த்தேன். இன்னும் எங்கோ ஒட்டியிருந்த சந்தனத்தைத் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி எடுத்தேன். ஜன்னலோரம் மேசையைப் போட்டு, கண்ணாடியை வானத்தின் பக்கம் திருப்பி வைத்தேன். நாலு பிள்ளைகளும் வந்தார்கள். டீச்சர் முதலில் கமலாவை உட்காரச் சொன்னார். இம்முறை வெங்காயத்துக்கு யாரும் தடை சொல்லவில்லை. அவள் தோலை உரித்து, கண்ணாடித் துண்டில் விரித்து, குமிழி வராமல் மூடுகண்ணாடியைச் சரித்து வைத்தாள். பக்கவாட்டில் பார்த்துக் குழாயை இறக்கினாள். நான் வேலை இருப்பது போல ஒரு துணியை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கிட்டப் போனேன். அவள் சின்னத் திருகில் விரல் வைக்கும்போது எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு மேசைதான் இருந்தது. அவள் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

வகுப்பில் என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். அவளுக்கு அது மறந்துபோய்விட்டது. கண்ணை எடுக்காமலே, வீட்டில் அடுப்படியில் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஜன்னல மறைக்கிறீங்க, எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

ஆய்வுகூட உதவியாளரின் உத்தியோகம் என்னவென்று கேட்டால், மற்றவர்கள் பார்ப்பதற்கு எல்லாவற்றையும் பொருத்தி வைத்துவிட்டு, அவர்களுக்குத் தெரியத் தொடங்கும் நேரம் பார்த்து நகர்ந்துகொள்வது என்றுதான் இன்றும் சொல்வேன்.